காற்றாடியை நிறுத்து

முதல் விதி, காற்றாடியை நிறுத்துவது.
இரண்டாவது விதி, யாரும் தும்மக்கூடாது.
மூன்றாவதை லோஷினி எழுதிக்
குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கிறாள்:
அப்பா கைலியில் பசையைத் துடைக்கக்கூடாது.

ஞாயிறு பிற்பகல் மூன்று மணி, ஜெராம்.
தகரக் கூரை கொதிக்கிறது.
பின்கட்டுக்கு அப்பால் செம்பனை வரிசை
ஓர் ஓலையும் அசைக்காமல் நிற்கிறது,
எங்கள் விதி அதற்கும் தெரியுமோ என்னவோ.

மேசை நிறைய நாள்காட்டித் தாள்கள்.
சீனப் புத்தாண்டின் காலி அங்பாவ் உறைகள்.
காக் ரோஹானா கொடுத்த கல்யாண அட்டைகள்;
மினுக்கம் அழகுதான், சுருட்டினால் வெடிக்கிறது.
ஓரத்தில் இளநீலம் ஓடும் என் சம்பளச் சீட்டு.
ஓவர்டைம் கட்டத்தை மட்டும்
வெட்டவிடாமல் எடுத்து வைத்துக்கொண்டேன்.

அகலம் மூன்று மில்லிமீட்டர்.
அடிக்கோல் வைத்துத் துவாரகன் கீறுகிறான்.
பதினான்கு வயது, வீட்டில் எவரோடும்
மூன்று வாக்கியத்துக்கு மேல் பேசாதவன்.
தங்கையின் தாளைப் பார்த்து "கோணல்" என்கிறான்.
அது ஒன்று. எண்ணிக்கொண்டேன்.

சாத்தே குச்சியின் நுனியைப் பிளந்து
பிளவுக்குள் தாளின் முனையைச் செருகி
சுற்று, சுற்று, இன்னும் சுற்று.
கையை எடுத்தால் தளரும்.
எவ்வளவு தளர விடுவது என்பதில்தான் எல்லாம்.
ஒரு பக்கம் கிள்ளினால் துளி,
இரு பக்கமும் கிள்ளினால் கண்,
கிள்ளாவிட்டால் வெறும் வட்டம்,
அதற்கும் எங்காவது இடம் கிடைத்துவிடுகிறது.

வாரத்தில் ஆறு நாள் கையுறைத் தொழிற்சாலையில்
யார் யார் விரல்களுக்கோ ஓட்டை பார்ப்பவள் நான்:
நல்லது, நல்லது, கழிவு, நல்லது.
இங்கே என் விரல்கள் வெறுமையாய் இருக்கின்றன.
காய்ந்த பசை இன்னொரு தோலாகி
மெல்ல உரிந்து வரும்போது
சொல்ல வெட்கமான ஒரு சுகம்.

லோஷினி மயில் செய்தாள்.
கழுத்துவரை மயிலாகத்தான் இருந்தது.
"நான் வாத்துதான் செய்தேன்" என்கிறாள்.
சரி, வாத்து.

தெய்வீகன் செம்பனை லாரி ஓட்டுகிறவர்.
கியர் பிடித்துத் தடித்த கை,
எங்கள் சுருள்களைத் தொட்டாலே நசுங்கும்.
ஆலையில் தரும் எடைச்சீட்டின் நகலை,
ரோஸ் நிறம், மாதக்கட்டாகக் கொண்டுவந்து
அங்பாவ் சிவப்போடு கலந்து
இறுக்கி இறுக்கிச் சுற்றிக்கொண்டிருந்தார்
மூன்று ஞாயிறாக. என்னவென்று சொல்லவில்லை.
முந்நூறு சுருள் சேர்ந்தபின்
இன்றைக்கு ஒட்டி நிமிர்த்தினார்.
செம்பனைக் குலை!
முள்ளுக்குப் பல்குத்தும் குச்சி.

யாரும் பேசவில்லை.
துவாரகன் எழுந்தான்.
பென்சிலைக் காதில் செருகினான்.
இடுப்பில் கை வைத்து, உதட்டைப் பிதுக்கி,
ஆலை வாசலில் தரம் பார்க்கும் ஆள் மாதிரியே
குலையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான்.
"இது காய்.
உதிரி ஒன்றுகூட விழவில்லை.
லாரியைத் திருப்பு.
அடுத்த தடவை அபராதம்."

நாலு வாக்கியம்.

"ஐயா, ரோடு சரியில்லை,
உதிரியெல்லாம் வழியிலேயே கொட்டிப்போச்சு ஐயா"
என்று இல்லாத தொப்பியைக் கழற்றினார் தெய்வீகன்.
லோஷினி நகத்தால் ஒரு சுருளைப் பெயர்த்துத்
தரையில் போட்டாள்.
"விழுந்திருச்சு. பழம்தான். காசு கொடு."

நான் சிரித்ததில் வாத்தின் பாதி பறந்தது.
விதி தும்மலைத்தான் சொல்கிறது,
சிரிப்பைப் பற்றி ஒன்றுமில்லை.

அதற்குப் பிறகு புழுக்கம் தாங்காமல்
யாரோ காற்றாடியைப் போட்டார்கள்.
யார் என்ற விசாரணை இன்னும் முடியவில்லை.

திங்கள் விடியற்காலை, தொழிற்சாலை வாசல்.
மேற்பார்வை பார்க்கும் யீ லிங்
என் முடிவலைக்குள்ளிருந்து எதையோ எடுத்து
வெளிச்சத்தில் பிடித்தாள்.
மஞ்சள் சுருள், ஒரு பக்கம் கிள்ளியது.
இது என்ன என்றாள்.
வாத்தின் அலகு என்பதற்கு மலாயில்
சட்டென்று சொல் வரவில்லை.
கையுறை மாட்டாத கையை
அவள் முன் நீட்டினேன்.